மணி அடித்த பிறகு வந்த கேள்வி

(புதுச்சத்திரத்தில் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களும் பெற்றோரும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதல்முறையாக ஆய்வுக் கருத்தரங்குக்குப் போகவிருக்கும் பிள்ளைகளிடம் பேசுங்கள் என்று கேட்டார்கள். உடனே ஒப்புக்கொண்டேன். இந்த ஊர் பஸ் நிறுத்தத்திலிருந்துதான் நானும் முதல் கருத்தரங்குக்குக் கிளம்பினேன். அன்றைக்கு என்னிடம் யாராவது நாலு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

1983ஆம் ஆண்டு, மாசி மாதம். விடியற்காலை நாலரை மணிக்கு சேலத்திலிருந்து வந்த பஸ்ஸில் ஏறினேன். நாமக்கல், பரமத்தி வேலூர், கரூர், திண்டுக்கல் என்று தெற்கே போகிற வழி. அம்மா புளிச்சோறு கட்டிக் கொடுத்திருந்தாள். செலவுக்கு எங்கய்யன் இரண்டு மூட்டை கடலைக்காய் விற்றுப் பணம் கொடுத்திருந்தார். பெட்டி பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் வாங்கிய இரவல். பெட்டிக்குள் வேட்டி சட்டை இரண்டு, என் கட்டுரை ஒன்று. கட்டுரை இருபத்திரண்டு பக்கம். 'கிணற்றுப் பாசனச் சொற்கள்' என்பது தலைப்பு.

எங்கள் பக்கம் மேட்டாங்காடு. ஆற்றுப் பாசனமும் கால்வாயும் காணாத பூமி. கிணறு வெட்டி, கவலை பூட்டித்தான் தண்ணீர் எடுத்தார்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் இளையவர்கள் கவலையைப் பார்த்திருக்க மாட்டீர்கள். தோலில் செய்த சால் கிணற்றுக்குள் இறங்கும். சாலின் வாயில் கட்டிய வடம் மேல் உருளையில் ஓடும். அடியில் இருக்கும் தோல்குழாயில் கட்டிய வால்கயிறு கீழ் உருளையில் ஓடும். இரண்டு மாடுகள் சரிவில் இறங்கி இழுக்க, நிறைந்த சால் மேலே வரும். குழாய் தானாகத் திறந்து தண்ணீர் வாய்க்காலில் விழும். பிறகு மாடுகள் பின்பக்கமாகவே நடந்து மேடு ஏறும். மின்சார மோட்டார் வந்ததும் சாலும் வடமும் பரணுக்குப் போயின, அந்தச் சொற்களும் கூடவே போயின. அவற்றைத் திரட்டுவதுதான் என் ஆய்வு.

கருத்தரங்கில் எனக்குக் கொடுத்தது பத்து நிமிடம். எட்டாவது நிமிடம் ஒரு மணி, பத்தாவது நிமிடம் இரண்டாம் மணி. அதை அங்கே போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். என் கட்டுரை சங்க இலக்கியத்தில் நீர் என்று தொடங்கியது. அடுத்துப் பல்லவர் காலத்து ஏரிகள், அதற்கடுத்துச் சோழர் காலத்து மதகுகள். எங்கள் கிணறு பதினான்காம் பக்கத்தில்தான் வந்தது. ஆறாம் பக்கத்தில் இருக்கும்போது இரண்டாம் மணி அடித்துவிட்டார்கள். நெறியாளர், "முடித்துக்கொள்ளுங்கள்" என்றார். நான் சொல்ல வந்தது எதையும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை எல்லோருக்கும் வாசித்துக் காட்டிவிட்டு நின்றேன். கால் நடுங்கியது.

தம்பிகளே, தங்கைகளே, உங்கள் கட்டுரையை உங்கள் கிணற்றிலிருந்து தொடங்குங்கள். நீங்களே போய்ப் பார்த்தது, எண்ணியது, அளந்தது, கேட்டது எதுவோ அதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். முன்னோர் சொன்னதை அங்கே இருப்பவர்கள் ஏற்கெனவே படித்திருப்பார்கள். உங்கள் ஊர்க் கிணற்றை அவர்கள் பார்த்ததில்லை.

மணி அடித்த பிறகு ஒரு பெரியவர் எழுந்தார். முன்வரிசைக்காரர் அல்லர், நடு வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தவர். என் கட்டுரையின் அச்சுப் படியைக் கையில் வைத்திருந்தார். முழுவதும் படித்திருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது. "சால், வடம், வால்கயிறு என்று எழுதியிருக்கிறீர்கள். இதெல்லாம் யார் சொன்னது?" என்று கேட்டார்.

"எங்கய்யன் சொன்னதுங்க" என்றேன். அரங்கில் சிலர் சிரித்தார்கள். என் பேச்சு அவர்களுக்குப் புதிதாக இருந்திருக்கலாம்.

அவர் சிரிக்கவில்லை. "புத்தகங்களுக்கெல்லாம் அடிக்குறிப்பு போட்டிருக்கிறீர்கள். உங்கள் தகப்பனாருக்குப் போடவில்லையே, ஏன்?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. நெறியாளர் அடுத்த கட்டுரையாளரை அழைத்துவிட்டார்.

ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னோடு வந்தது. அது கட்டுரை எழுதும் முறையைப் பற்றிய கேள்வி மட்டும்தானா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். புத்தகத்தில் இருந்தால் அறிவு, எங்கய்யன் வாயிலிருந்து வந்தால் வெறும் தகவல் என்று நான் நினைத்திருக்கிறேன். அவர் விற்ற கடலைக்காய்ப் பணத்தில் போய் அவர் பெயரை விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

இரவு சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன். "எம் பேரு எதுக்குச் சாமி அதுல" என்றார் முதலில். கொஞ்ச நேரம் கழித்து, "நீ வார்த்தையத்தானே கேட்டே. மாடு பின்னுக்கு நடக்க எத்தன நாளு பழக்கோணும்னு கேட்டயா? ஒரு நாளைக்கு எத்தன சால் எறச்சா எவ்வளவு காடு பாயும்னு கேட்டயா?" என்றார். கேட்கவில்லை. அன்றிரவு பதினொரு மணி வரை அவர் சொல்ல நான் எழுதினேன். என் ஆய்வேட்டில் உருப்படியான இயல் ஒன்று இருக்கிறதென்றால் அது அந்த இரவில் எழுதியதுதான். அதன் முதல் அடிக்குறிப்பு அவர் பெயர். நம் பகுதிச் சொற்களுக்குப் பெருமாள்முருகனின் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' 2000இல் நூலாக வந்தபோது, எங்கய்யனைப் போல எத்தனை பேர் அதற்குப் பின்னால் இருப்பார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

நான் முதல் கருத்தரங்குக்குப் போன அதே 1983இல்தான் சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நாமக்கல்லில் செய்தித்தாளில் படித்தேன். அவருடைய மாணவப் பருவத்தைப் பிற்பாடு தேடிப் படித்தபோது, அதிலும் ஒரு கேள்வியின் கதை இருந்தது.

1928இல் ஜெர்மானிய இயற்பியலாளர் அர்னால்ட் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். சந்திரசேகர் அப்போது மாநிலக் கல்லூரி மாணவர், வயது பதினெட்டு. சோமர்ஃபெல்ட் எழுதிய அணு அமைப்பு நூலைக் கரைத்துக் குடித்தவர். சோமர்ஃபெல்ட் தங்கியிருந்த ஓட்டலுக்கே தனியாகப் போய்ச் சந்தித்தார். நூலைப் படித்திருக்கிறேன் என்று சொன்ன பையனிடம் சோமர்ஃபெல்ட் சொன்ன பதில், அந்த நூல் வந்த பிறகு இயற்பியல் முழுக்க மாறிவிட்டது என்பது. ஷ்ரோடிங்கரும் ஹைசன்பர்கும் செய்திருந்த புதிய வேலைகளை எடுத்துச் சொன்னார். உலோகங்களில் எலெக்ட்ரான்கள் பற்றித் தாம் எழுதி இன்னும் வெளிவராத கட்டுரையின் அச்சுப் படியையும் கையில் கொடுத்தார்.

பதினெட்டு வயதில், நீ படித்தது பழசாகிவிட்டது என்று கேட்டால் எப்படி இருக்கும்? சந்திரசேகர் அந்த அச்சுப் படியை எடுத்துக்கொண்டு போய், அதில் இருந்த புதிய புள்ளியியலை வைத்துச் சில மாதங்களில் சொந்தமாக ஒரு கட்டுரை எழுதினார். 1929இல் அது லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. அதே 1929இல் இந்திய அறிவியல் மாநாடு சென்னையில் கூடியது. தலைவர் அவருடைய சித்தப்பா சி. வி. ராமன். அந்த மாநாட்டில் சந்திரசேகர் கட்டுரை வாசித்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில் மாநாடு அலகாபாத்தில் கூடியபோது அங்கும் போனார். மேக்நாத் சாகா அந்தக் கல்லூரி மாணவரை அடையாளம் கண்டு விருந்துக்கு அழைத்தார். சாகா அப்போதே உலகம் அறிந்த வானியற்பியலாளர். ஒரு மாணவரின் கட்டுரையைப் படித்து வைத்திருந்து, நேரில் கண்டதும் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். முதிர்ந்த ஆய்வாளர் ஒருவர் இளையவருக்குச் செய்யக்கூடியதில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை.

அதற்கு நேர் எதிரானதையும் சந்திரசேகர் பார்த்தார். அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும், நாளைக்கு உங்களுக்கும் நடக்கலாம்.

1930 ஜூலை 31 அன்று கப்பலேறி இங்கிலாந்து போனார். வழியிலேயே வெள்ளைக் குறுமீன்கள் எனப்படும் சிறு விண்மீன்களைப் பற்றிய கணக்கைப் போட ஆரம்பித்தார். எரிந்து ஓய்ந்த விண்மீனின் நிறை ஓர் எல்லையைத் தாண்டினால் அது வெள்ளைக் குறுமீனாக நிலைத்து நிற்க முடியாது என்பது விடை. இன்றைய கணக்கில் அந்த எல்லை சூரியனின் நிறையைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு. கேம்பிரிட்ஜில் வானியற்பியலாளர் ஆர்தர் எடிங்டன் அடிக்கடி அவருடைய அறைக்கு வந்து, கணக்கு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று விசாரிப்பார். 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் சங்கக் கூட்டத்தில் சந்திரசேகர் தம் முடிவைச் சொன்னார். அவருக்கு வயது இருபத்து நான்கு. அடுத்துப் பேச எழுந்த எடிங்டன், விண்மீன் இப்படிப் பைத்தியக்காரத்தனமாக நடந்துகொள்ளாதபடி இயற்கையில் ஒரு விதி இருந்தாக வேண்டும் என்று சொல்லி அந்த முடிவையே கேலிக்குள்ளாக்கினார். அரங்கம் சிரித்தது. அதே ஆண்டு பாரிஸில் பன்னாட்டு வானியல் ஒன்றியம் கூடியபோது எடிங்டன் மறுபடியும் இதைத் தாக்கிப் பேசினார். பதில் சொல்ல அனுமதி கேட்டார் சந்திரசேகர். கொடுக்கவில்லை.

கணக்கில் பிழை இருந்தால் காட்டலாம், கேள்வி கேட்கலாம், விடிய விடிய வாதாடலாம். சிரிப்பை வைத்து ஓர் இளைஞரின் வாயை அடைப்பதும், பதில் சொல்ல நேரம் தராமல் கூட்டத்தை முடிப்பதும் அறிவுலகத்துக்குச் செய்யும் துரோகம். சந்திரசேகர் தம் கணக்கையெல்லாம் 1939இல் ஒரு நூலாக எழுதி வைத்துவிட்டு வேறு துறைக்குப் போனார். எடிங்டன் சொன்னது தவறு, இளைஞர் சொன்னதே சரி என்று காலம் காட்டியது. உங்களைப் பார்த்து யாராவது சிரித்தால் உட்கார்ந்து உங்கள் கணக்கை இன்னொரு முறை பாருங்கள். சரியாக இருந்தால் எழுதி அச்சில் ஏற்றி வையுங்கள். சிரித்தவர்கள் அரங்கை விட்டுப் போன பிறகும் எழுத்து இருக்கும்.

நம் நாமக்கல்லுக்கு நெருக்கமான இன்னொருவரையும் நினைக்கிறேன். கணிதமேதை ராமானுஜனின் குடும்பம் நாமக்கல் நாமகிரித் தாயாரை வழிபட்ட குடும்பம். அவர் போய்ப் பேச அன்றைக்கு இங்கே ஒரு கணித மாநாடு இல்லை. 1910இல் தம் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு திருக்கோவிலூர் போய், இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவிய வி. ராமசாமி ஐயரைப் பார்த்தார். ஐயர் அங்கே துணை ஆட்சியர். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ன செய்தேன் என்று அறிக்கை தரவேண்டும் என்பது நிபந்தனை. ராமானுஜனே தந்தார். நம் வேலையைப் பிறர் முன் வைப்பது ஆராய்ச்சியின் ஒரு பாதி.

கருத்தரங்கு என்றால் மேடை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 1964 ஜனவரியில் டெல்லியில் கீழைத்தேயவியல் அறிஞர்களின் 26ஆம் உலக மாநாடு நடந்தது. அதற்கு வந்திருந்த தமிழறிஞர்களை சேவியர் தனிநாயகம் அடிகள் தனியே ஓரிடத்தில் கூட்டினார். அப்படி உருவானதுதான் உலகத் தமிழாராய்ச்சி மன்றம். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு, 1968இல் சென்னையில் இரண்டாவது. மாநாட்டு நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒரு சந்திப்பில் பிறந்தது இத்தனையும். ஆகவே தேநீர் இடைவேளையில் உங்கள் கல்லூரிக்காரர்களோடு மட்டும் வட்டம் போட்டு நிற்காதீர்கள். நீங்கள் படித்த கட்டுரையை எழுதியவர் அங்கே டம்ளரோடு நின்றுகொண்டிருப்பார். போய்ப் பெயரைச் சொல்லி, உங்கள் கட்டுரையில் இந்த இடம் எனக்குப் புரியவில்லை என்று கேளுங்கள். யாரும் கடிக்க மாட்டார்கள்.

மனம் நொந்து ஒன்று சொல்கிறேன். இன்று நம்மூர்ப் பக்கம் நடக்கும் கருத்தரங்குகளில் பல, கருத்தரங்குகளே அல்ல. காலை பத்து மணிக்குக் குத்துவிளக்கு. பதினொன்றரை வரை வரவேற்புரையும் வாழ்த்துரையும் பொன்னாடையும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்பது மாணவர்களை ஒரே வகுப்பறையில் அடைத்து ஆளுக்கு மூன்று நிமிடம். கேள்வி கிடையாது. நாலு மணிக்குச் சான்றிதழ், குழுப் படம், பஸ். கட்டணம் கட்டிவிட்டு வராமலே சான்றிதழ் வாங்கிக்கொள்வதும் நடக்கிறது.

இதற்கு விதியும் ஒரு காரணம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, ஆய்வேட்டைத் தருவதற்கு முன் முனைவர் பட்ட மாணவர் ஓர் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டு, கருத்தரங்குகளில் இரண்டு கட்டுரை வாசித்திருக்க வேண்டியிருந்தது. நல்ல எண்ணத்தில் போட்ட விதிதான். இரண்டு சான்றிதழ் கட்டாயம் என்றானதும் சான்றிதழுக்குச் சந்தை முளைத்தது. 2022இல் வந்த புதிய ஒழுங்குமுறையில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரி. ஆனாலும் பதவிக்கும் நேர்காணலுக்கும் சான்றிதழ் அடுக்கும் பழக்கம் போகவில்லை. ஐந்து கருத்தரங்குக்குக் கட்டும் பணத்தைச் சேர்த்து வைத்து, உங்கள் துறையின் முதன்மையான கருத்தரங்கு எதுவோ அதற்கு ஒரே ஒரு முறை போங்கள். முதல் அமர்விலிருந்து கடைசி அமர்வு வரை உட்காருங்கள். அமர்வுகளுக்குத் தலைமை ஏற்கும் ஆசிரியர்கள் இங்கே இருந்தால் உங்களையும் வேண்டிக்கொள்கிறேன்: வாழ்த்துரையில் அரை மணி நேரத்தைக் குறைத்து, அதைக் கேள்விக்கும் பதிலுக்கும் கொடுங்கள்.

ஆங்கிலத்துக்குப் பயப்படும் மாணவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். கேள்வி புரியவில்லை என்றால், இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். விடை தெரியாவிட்டால், தெரியவில்லை, பார்க்கிறேன் என்று சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். விடை தெரியாத கேள்விதான் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியது.

இனிப் பெற்றோரிடம் கொஞ்சம் பேசவேண்டும், முக்கியமாகப் பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களிடம். இரண்டு நாள் வெளியூரில் தங்கவேண்டும் என்றதும், உனக்கு எதுக்குக் கண்ணு அதெல்லாம் என்று பேச்சை முடித்துவிடுகிறீர்கள். நூறாண்டுக்கு முன்பே சென்னையில் ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த ஜானகி அம்மாள், அமெரிக்கா போய் முனைவர் பட்டம் பெற்று, கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் மரபியலை ஆராய்ந்தார். 1955இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியின் முகத்தை எப்படி மாற்றினான் என்ற பொருளில் உலக அறிஞர்கள் கூடியபோது, அழைக்கப்பட்டவர்களில் ஒரே பெண் அவர். உங்கள் மகளை மதுரைக்கும் கோவைக்கும் அனுப்ப யோசிக்கிறீர்கள். தங்கும் விடுதி எது, கூட வரும் ஆசிரியர் யார் என்று விசாரியுங்கள், அது உங்கள் கடமை. விசாரித்துவிட்டு அனுப்புங்கள்.

இதனால் நமக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு நம்முடைய குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காட்டையே காட்டுகிறேன். மரவள்ளியைத் தாக்கும் மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தில் கண்டறியப்பட்டது. பிறகு சேலம், நாமக்கல் பக்கம் வந்து நுனியெல்லாம் சுருண்டு காடு காடாக நாசமானதைப் பார்த்தீர்கள். இந்தப் பூச்சி தென்னமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கே பஞ்சத்தையே கொண்டுவரப் பார்த்தது. அதற்கு இயற்கை எதிரியான ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியைத் தென்னமெரிக்காவில் தேடிப் பிடித்து, 1980களில் ஆப்பிரிக்காவில் பரவவிட்டுக் கட்டுப்படுத்தினார்கள். அந்த வேலைக்காக ஹான்ஸ் ஹெரன் என்ற பூச்சியியலாளருக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியை மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து பெங்களூரில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிறுவனம் வரவழைத்துப் பெருக்கியது. 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் அதை வெளியிட்டார்கள். ஒரு கண்டத்தில் கண்டதை இன்னொரு கண்டத்துக்காரர் கேட்டுத் தெரிந்துகொண்டதால்தான் அந்தக் குளவி நம் காட்டுக்கு வந்து சேர்ந்தது. அப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் இடங்களில் ஒன்று, உங்கள் பிள்ளை போகவேண்டும் என்கிற கருத்தரங்கு.

எங்கய்யன் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. கைத்தடியோடு எழுந்து கேட்ட அந்தப் பெரியவரை நான் மறுபடியும் பார்க்கவில்லை. பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டேன். அந்தத் தவறை நீங்கள் செய்யாதீர்கள்.

பெற்றவர்களே, உங்கள் பிள்ளை கருத்தரங்கு முடிந்து வீட்டுக்கு வந்ததும் சான்றிதழை வாங்கிச் சுவரில் மாட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் சோற்றைப் போட்டு, அங்கே உன்னிடம் என்ன கேட்டார்கள் என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். அது உங்கள் மாட்டைப் பற்றியோ, காட்டைப் பற்றியோ, கோழிப் பண்ணையைப் பற்றியோ இருந்தால், விளக்கை அணைக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்து உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். பிள்ளை எழுதிக்கொள்ளட்டும்.